ஆர்லீன் கேட்ஸ்டனின் இடது கை

எல்ஸ்வொர்த் மினிஃபீல்ட் தன் காதைப் பணயம் வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பெர்கன் தெரு டாலிவர் சலூனில். சாட்சிக்கு ஏழு பேர் இருந்தார்கள். அந்தச் சலூனில் ஏழு பேர் ஒன்றைக் கேட்டால், சாயங்காலத்துக்குள் நூவார்க் நகரத்துக் கறுப்பர் தெருக்கள் அத்தனையும் கேட்ட மாதிரிதான்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷமாக அவர் ஆரஞ்சு தெருவில் இருக்கும் லாண்டர்ன் பாரில் டபுள் பேஸ் வாசித்துவந்தார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்த வாத்தியத்தை வாரம் ஐந்து நாள் அணைத்துக்கொண்டு நின்று, விரலால் தந்தியைச் சுண்டி, பாட்டுக்குக் கீழே நடை போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திங்கட்கிழமை பார் முதலாளி ஓர் ஆர்கனை வாங்கி இறக்கினார். மின்சார ஆர்கன். ஆறு பேர் தூக்கிவந்தார்கள், கதவு நிலையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. அதை வாசிப்பவர் வலது கையால் பாட்டையும் இடது கையால் பேஸின் கீழ் ஸ்வரங்களையும் வாசிப்பார், காலுக்கும் கட்டைகள் இருந்தன. முதலாளி நல்ல மனிதர்தான். எல்ஸ்வொர்த்தின் தோளில் கை போட்டு, "இனிமே பேஸ்காரன் தேவையில்லப்பா" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

சனிக்கிழமை சவரத்துக்கு வந்த எல்ஸ்வொர்த்துக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"அது வாத்தியமாய்யா? அது ஃப்ரிட்ஜு. ஃப்ரிட்ஜ் உறுமும், வாசிக்காது. அது பக்கத்துல நின்னு நான் ஒரு நாள் பேஸ் தொட்டேன்னு நீ கேள்விப்பட்டா, டாலிவர், இந்தக் கத்தியாலயே என் காதை அறுத்து அந்த ஜன்னல்ல வெச்சிடு."

"எந்தக் காது?" என்று கேட்டார் டாலிவர். எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர்.

"உனக்கு எது பிடிக்குதோ அது."

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்ஸ்வொர்த்துக்குச் சவரம் முடிந்ததும் டாலிவர் கத்தியின் முதுகுப்பக்கத்தை அவர் காதில் வைப்பார். முதலில் ஒரு காது, அப்புறம் இன்னொரு காது. "ரெண்டும் இருக்குது" என்று சலூனுக்கு அறிவிப்பார். காத்திருப்பவர்கள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலேயே "ஆமென்" என்பார்கள். மூன்று வருஷம் இது நடந்தது. இதற்கிடையில் எல்ஸ்வொர்த் பெயின்ட் தொழிற்சாலையில் டப்பாவுக்கு மூடி அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். கல்யாணமோ மாதா கோயில் விருந்தோ வந்தால் பேஸ் வாசிப்பார். வராவிட்டால் பேஸ் சாப்பாட்டு அறையின் மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். அவர் மனைவி ஜெனீவா அதைச் சுற்றிக்கொண்டு போய்வந்தாள், ஒரு நாள்கூட அதை நகர்த்தச் சொன்னதில்லை.

அறுபத்திரண்டில், ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பர்னெல் தொலைபேசியில் கூப்பிட்டான். லாண்டர்ன் பாரில் எல்ஸ்வொர்த்தோடு டிரம் வாசித்தவன். இப்போது ஆர்கன் வாசிக்கும் ஆர்லீன் கேட்ஸ்டனோடு அதே பாரில் டிரம் வாசிப்பவன்.

"அண்ணே, நாளைக்கு ரெக்கார்டிங் இருக்கு. நியூயார்க்ல. உங்க பேஸை எடுத்துட்டு வாங்க."

"ஆர்லீன் ரெக்கார்டுக்கா? அவகிட்டதான் இடது கை இருக்கே."

"இருக்குது அண்ணே. ஆனா மைக்ல கூழா விழுதாம். போன வாரம் ஒரு நாள் பூராப் பண்ணிப் பாத்துட்டாங்க. தந்தி சுண்டுற சத்தம் அடியில இருந்தாத்தான் ஜூக்பாக்ஸ்ல எடுக்கும்னு இன்ஜினீயர் சொல்றாரு."

எல்ஸ்வொர்த் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். அந்த விரலின் நுனியில் முன்பு காய்ப்புக் காய்த்துக் கல் மாதிரி இருக்கும். இப்போது அங்கே பெயின்ட்தான் ஒட்டியிருந்தது.

"என் பேரு எங்கயும் வரக்கூடாது" என்றார் கடைசியில். "அட்டைல வரக்கூடாது. தட்டுல வரக்கூடாது. உன் வாய்லயும் வரக்கூடாது."

"ஏன்ண்ணே?"

"எனக்கு ரெண்டு காதும் வேணும்டா."

ரெக்கார்டு கம்பெனிக்காரருக்கு இந்த நிபந்தனையில் ஆட்சேபம் இல்லை. அச்சடிக்க ஒரு பெயர் குறைவு, அவ்வளவுதான்.

பழைய நடனப் பள்ளி ஒன்றின் மாடியில்தான் ஸ்டுடியோ. ஆர்கனுக்கு இடது பக்கமாக எல்ஸ்வொர்த்தை நிறுத்தினார்கள். அதனால் அவருடைய வலது காது நேராக ஆர்கனைப் பார்த்தது. ஆர்லீனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஞாயிறு காலையில் பாப்டிஸ்ட் கோயிலில் வாசிப்பாள், ஞாயிறு பகலில் லாண்டர்ன் பாரில் வாசிப்பாள், இரண்டுக்கும் ஒரே உடுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கட்டைகளின்மேல் கால் வைத்து, "மிஸ்டர் மினிஃபீல்ட், நான் எங்க போறேன்னு எனக்கே தெரியாது. நீங்க பாட்டுக்கு நடங்க" என்றாள்.

பேரில்லாத ஒரு ப்ளூஸ் பாட்டு அது. அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை, வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற வேகம். முதல் இரண்டு சுற்று ஆர்லீனின் இடது கையும் எல்ஸ்வொர்த்தின் பேஸும் ஒன்றாகவே நடந்தன. மூன்றாவது சுற்றில் அவர் ஒரு ஸ்வரத்தை மேலே தொட்டுவிட்டு, விரலைத் தந்தியைவிட்டு எடுக்காமலேயே கீழே வழுக்கி இறக்கினார். ஆர்கன் கட்டையில் அது நடக்காத காரியம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழி கிடையாது. ஆர்லீன் திரும்பி அவரைப் பார்த்தாள். இடது கையைக் கட்டையிலிருந்து எடுத்தாள். கைக்குட்டையை எடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு நிமிஷத்துக்கு, அந்த ரெக்கார்டில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்கும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு, ஆர்லீன் கேட்ஸ்டனின் இடது கை அவளுடைய கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இன்ஜினீயரின் குரல் வந்தது.

"யாரோ முனகுறாங்க. யாரது?"

யாருக்கும் தெரியவில்லை. போட்டுக் காட்டினார். மூன்றாவது சுற்றில், அந்த வழுக்கல் வருவதற்கு ஒரு கண நேரம் முன்னால், "ம்ம்ம்-ஹ்ம்" என்று ஒரு சத்தம், மூக்கிலிருந்து. சூடான சூப்பை முதல் வாய் குடித்தவன் போடுகிற சத்தம். எல்ஸ்வொர்த்துக்குக் காது சிவந்துவிட்டது. இருபது வருஷமாக ஜெனீவா சொல்லிவந்திருக்கிறாள், வாசிக்கும்போது நீ மூக்கால் முனகுகிறாய் என்று. இருபது வருஷமாக அவர் இல்லையென்று சண்டை போட்டிருக்கிறார். விரல் போவதற்கு முன்னால் மூக்கு போய் வழி பார்த்துவிட்டு வருகிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"மறுபடி வாசிக்கலாம்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் ஆர்லீன். "அது இருக்கட்டும். நல்லா இருக்கு."

மத்தியானம் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்தார்கள். பன்றிக் கழுத்தெலும்பு, சோறு. பாட்டுக்கு என்ன பேர் எழுதுவது என்று இன்ஜினீயர் கேட்டபோது, எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த பர்னெல், "இன்னிக்கு செவ்வாக்கிழமை. இது கழுத்தெலும்பு. எழுதிக்குங்க" என்றான். சாப்பிட்டபின் மெதுவாக ஒன்று வாசித்தார்கள். சாப்பாட்டை நினைத்து அதற்கு 'இரண்டாம் தட்டு' என்று பேர் வைத்தார்கள். இன்னும் மூன்று பாட்டுகள். ஐந்து மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் எல்ஸ்வொர்த்துக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. அந்த ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றால் சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறுகிறது என்று ஜெனீவாவிடம் ஒப்புக்கொண்டார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"முனகினியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமாம்" என்று அவள் உருளைக்கிழங்கிடம் சொன்னாள்.

செப்டம்பரில் 'செவ்வாய்க்கிழமைக் கழுத்தெலும்பு' சின்ன இசைத்தட்டாக வெளிவந்தது. முன்பக்கம் பாதி, பின்பக்கம் மீதி. நவம்பரில் நன்றி சொல்லும் திருநாள் வருவதற்குள், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் அது இல்லாத ஒன்று நூவார்க்கில் கிடையாது. மீன் வறுக்கும் கடையில் ஓடியது, சலவைக் கடையில் ஓடியது, பிணம் அலங்கரிப்பவர் கடையின் பின்கட்டிலும் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது "ம்ம்ம்-ஹ்ம்" என்று மூக்கால் முனகிக்கொண்டே தாண்டினார்கள். அந்த முனகல் ஆர்லீனுடையது என்று எல்லோரும் நினைத்தார்கள். கோயிலில் வாசிக்கிற பெண், பரிசுத்த ஆவி வந்திருக்கும் என்றார்கள்.

டாலிவர் சலூனில் தலைமுடி எண்ணெய்ப் புட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் உண்டு. லெமுவல் என்றொரு ஓய்வுபெற்ற தபால்காரர்தான் அதற்குத் தானாகப் பொறுப்பெடுத்துக்கொண்டவர். தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அவர் ஊசியை வைத்துவிட்டு எல்ஸ்வொர்த்தின் பக்கம் திரும்புவார்.

"கேளு மினிஃபீல்ட், இந்த இடத்தைக் கேளு. உன் பேஸ்கார ஜாதி ரெண்டு கையால தடவித் தடவிப் பண்றதை இந்தப் பொண்ணு ஒத்தைக் கையால பண்ணுது. அதுவும் இடது கையால."

"கேக்குறேன்" என்பார் எல்ஸ்வொர்த், முகமெல்லாம் நுரையோடு.

"நீ மட்டும் இப்படி ஒரு நாள் வாசிச்சிருந்தா லாண்டர்ன்லருந்து உன்னை அனுப்பியிருக்க மாட்டாங்கய்யா. தப்பா எடுத்துக்காத."

"எடுத்துக்கல."

டாலிவர் கத்தியின் முதுகை அவர் காதில் வைத்து, "ரெண்டும் இருக்குது" என்பார். ஆமென்.

இப்படித் தன் வாசிப்பைக் காட்டித் தன்னையே மட்டம் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நிலைமை வேறு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. சொல்லவும் முடியாது. சொன்னால் காதுக் கதை வரும். சொல்லாவிட்டால் அவர் பேஸ்காரராக இருந்தார் என்பதே ஊருக்கு மறந்துபோகும். இரண்டில் எது பெரிய அவமானம் என்று மூடி அடிக்கும்போதெல்லாம் யோசித்தார். ஒரு டப்பாவுக்கு ஒரு யோசனை, ஒரு நாளைக்கு ஆயிரத்திருநூறு டப்பா.

இதைவிட மோசமான இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அந்த ரெக்கார்டைக் கேட்ட பார் முதலாளிகள் எல்லாரும் ஆர்கன் வாங்கினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் ஸ்பிரிங்ஃபீல்ட் அவென்யூவில் மட்டும் நான்கு பார்களில் ஆர்கன் இறங்கிவிட்டது. நான்கு பேஸ்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் ஹோபார்ட். எல்ஸ்வொர்த்தோடு ஒரே பள்ளியில் படித்தவன், அவரைவிட நன்றாக வாசிப்பான். பேஸை விற்றுவிட்டு முப்பத்தோராம் நம்பர் பஸ் ஓட்டப் போனான். ஒரு நாள் அந்தப் பஸ்ஸில் எல்ஸ்வொர்த் ஏறினார். ஹோபார்ட் சிரித்துக்கொண்டே, "அந்த இடது கை நம்ம எல்லாரையும் தீத்துக்கட்டிருச்சு மினிஃபீல்ட்" என்றான். எல்ஸ்வொர்த் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். அன்றைக்கு அவருக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது. ஜெனீவாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் பேஸைத் தூக்கிக்கொண்டு சலூனுக்குப் போய்விட்டார். பருமனான பெண்ணைக் கல்யாணத்துக்குக் கூட்டிவருவது மாதிரி பக்கவாட்டில் திருப்பித் திருப்பிக் கதவுக்குள் நுழைத்தார்.

"என்னய்யா இது, இதுக்கும் சவரம் பண்ணணுமா?" என்றார் டாலிவர்.

"சும்மா இரு. லெமுவல், அந்த ரெக்கார்டை நிறுத்து. அந்த இடது கை பண்றது பேஸ்ல வராதுன்னுதானே சொல்ற? இப்பக் கேளு."

வாசித்தார். மூன்றாவது சுற்று, அந்த வழுக்கல், அதற்கப்புறம் வரும் இரண்டு நிமிஷம், ஒரு ஸ்வரம் பிசகாமல். ஆனால் வாசிக்கும்போது பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருந்தார். மூக்கு எங்கே முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம். தாடை வலிக்கும் அளவுக்குக் கடித்தார். மூக்கு வாயை மூடிக்கொண்டது, கூடவே விரலும் கொஞ்சம் மூடிக்கொண்டது.

சலூன் மரியாதையாகக் கைதட்டியது.

"பரவால்ல" என்றார் லெமுவல். "நல்லாவே பாத்து எழுதியிருக்க. ஆனா ஆர்லீனோட கைல ஒரு சதை இருக்குது பாரு, அது இல்ல. எலும்பு இருக்குது, குழம்பு இல்ல."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். எல்ஸ்வொர்த் பேஸுக்குப் போர்வை போர்த்தினார். அன்று சவரம் செய்துகொள்ளவில்லை.

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டதும் ஆர்லீன் எல்ஸ்வொர்த்தின் வீட்டுக்கு வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இடது கை மணிக்கட்டில் துணிக்கட்டு.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள் ஜெனீவா.

"உங்க வீட்டுக்காரர்தான் ஆச்சு, மிஸஸ் மினிஃபீல்ட். ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டத்துல எல்லாரும் கழுத்தெலும்பு கேக்குறாங்க. வாசிக்கிறேன். ரெக்கார்டு மாதிரி இல்லைங்கிறாங்க. என் கையில வராதுங்க அது. கட்டையைத் தேச்சுத் தேச்சு மணிக்கட்டு வீங்கிடுச்சு." எல்ஸ்வொர்த்தின் பக்கம் திரும்பினாள். "ஃபிலடெல்ஃபியாலருந்து நாலு ஆர்கன்காரங்க கடுதாசி போட்டிருக்காங்க. எந்த விரல் எங்க வைக்கிறீங்கன்னு. நான் என்னன்னு எழுதுறது? கைக்குட்டையை இப்படிப் பிடிக்கணும்னா?"

ஜெனீவா சிரித்துவிட்டாள். எல்ஸ்வொர்த் சிரிக்கவில்லை.

"என் பக்கத்துல வந்து நில்லுங்க மிஸ்டர் மினிஃபீல்ட். முதலாளிகிட்டப் பேசிட்டேன், சரின்னுட்டாரு. நானே மைக்ல சொல்றேன், ரெக்கார்டுல வாசிச்சது இவர்தான்னு."

"அந்த ஃப்ரிட்ஜ் பக்கத்துல நான் நிக்கிறதில்ல."

"நின்னீங்களே."

"அது நாலு செவுத்துக்குள்ள. இது ஊரு."

"அப்ப உங்க வாசிப்பை என் பேர்லயே விட்டுட்டு நீங்க சாகப்போறீங்களா?"

ஆர்லீன் காபியைக் குடித்தாள். போகும்போது, "ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற முதல் ஞாயித்துக்கிழமை, நாலு மணி. உங்க இடத்துல ஒரு நாற்காலியும் போட மாட்டேன். காலியா வெச்சிருப்பேன்" என்றாள்.

அவள் போனபின் ஜெனீவா காபிக் கோப்பையைக் கழுவினாள்.

"ஒரு காதுக்கு இவ்வளவு பயமா உனக்கு?" என்றாள்.

"காது இல்ல ஜெனீவா. ஹோபார்ட்."

அவள் கோப்பையை இன்னொரு தடவை கழுவினாள்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. சலூனில் நல்ல கூட்டம். எல்ஸ்வொர்த்தை நாற்காலியில் சாய்த்து, ஆவி பறக்கும் துண்டை முகத்தில் சுற்றி, மூக்கு நுனி மட்டும் தெரிகிற மாதிரி விட்டார் டாலிவர். வாரம் பூராவும் இரட்டை வேலை. சூடு பட்டதும் எல்ஸ்வொர்த் பாதித் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

லெமுவல் அக்குளில் எதையோ வைத்துக்கொண்டு வந்தார். பெரிய தட்டு, அட்டையில் ஆர்லீனின் படம், சிரிக்கிறாள், இரண்டு கையும் கட்டைகளில்.

"வந்திருச்சு. இன்னிக்குக் காலைலதான் கடைக்கே வந்துச்சு. மேலுறையைக் கிழிச்சது நான்தான். சின்னத் தட்டுல வராததெல்லாம் இதுல இருக்குது." அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை இறக்கி, சத்தமாகப் படித்தார். "'மிஸ் கேட்ஸ்டனின் இடது கையைக் கேட்கும்போது, அதற்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறது.' எழுதியிருக்கான் பாரு, எழுத்துன்னா இது."

"படிச்சது போதும், போடு" என்றார் யாரோ.

முன்பக்கம் கழுத்தெலும்பு. அது எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் லெமுவல் பின்பக்கத்தைப் போட்டார். 'இரண்டாம் தட்டு.' மெதுவான பாட்டு. முதலில் ஆர்கன் மட்டும், கோயிலில் காணிக்கைத் தட்டு சுற்றிவரும்போது வாசிக்கிற மாதிரி. சலூன் அமைதியானது. டாலிவர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அப்போது துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ம்ம்ம்-ஹ்ம்."

அடுத்த கணம் ரெக்கார்டிலும் அதே முனகல் வந்தது. அதைத் தொட்டுக்கொண்டு பேஸ் இறங்கியது.

டாலிவர் துண்டைப் பார்த்தார். ரெக்கார்டைப் பார்த்தார். பாட்டு நகர்ந்தது. ஆர்கன் ஒரு திருப்பம் திரும்பியது, யாரும் எதிர்பார்க்காத திருப்பம். அது வருவதற்கு அரைக் கணம் முன்னால் துண்டு மறுபடி முனகியது. இந்தத் தடவை இரண்டு முனகல், ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்ந்து. ரெக்கார்டும் பின்னாலேயே இரண்டு முனகியது.

"லெமுவல்" என்றார் டாலிவர், குரலை உயர்த்தாமல். "இந்தத் தட்டை இதுக்கு முன்னால யாராவது கேட்டிருக்க முடியுமா?"

"அதான் சொன்னேனே. மேலுறையை நான்தான்..."

"ஊசியைத் தூக்கு. மறுபடி முதல்லருந்து வை."

லெமுவல் வைத்தார். ஆர்கன் தொடங்கியது. இப்போது சலூனில் இருந்த அத்தனை பேரும் ரெக்கார்டை விட்டுவிட்டு அந்த வெள்ளைத் துண்டையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கு ஏமாற்றவில்லை. அதே இடம். ரெக்கார்டுக்கு ஒரு கண நேரம் முன்னால். அதற்கடுத்த இரண்டும் அப்படியே.

லெமுவல் அட்டையை மெதுவாகத் திருப்பி, பின்பக்கத்தை இன்னொரு முறை தனக்குள் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

டாலிவர் துண்டின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். எல்ஸ்வொர்த் கண் விழித்தபோது கத்தியின் முதுகு அவர் காதில் இருந்தது. வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்தது.

"எந்தக் காது மினிஃபீல்ட்?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு என்ன பாட்டு ஓடுகிறது என்று காதில் விழுந்தது. தன்னுடைய முனகல் தனக்கே கேட்டது. எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அவருடையது.

"அப்ப அந்தக் கழுத்தெலும்பு?" என்றார் லெமுவல். "அந்த வழுக்கல்?"

"நான்தான்."

"நீ அன்னிக்கு இங்கயே நின்னு வாசிச்சே. நான் குழம்பு இல்லைன்னேன்."

"பல்லைக் கடிச்சிட்டு வாசிச்சேன்."

லெமுவல் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். ஆறு மாசமாகத் தான் இந்த மனிதனிடம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப்பார்க்கிறார் என்று தெரிந்தது. டாலிவர் மட்டும் வேறு எதையோ நினைத்தார். அவருக்கும் ஹோபார்ட்டைத் தெரியும், அவனுக்கும் அவர்தான் முடி வெட்டுகிறார்.

"அந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான்யா நாலு பார்க்காரன் ஆர்கன் வாங்கினான்" என்றார். "உன் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டிருக்க. உன் சோத்துல மட்டுமில்ல."

"தெரியும்."

"எப்பலருந்து தெரியும்?"

"தினமும்."

யாரும் சிரிக்கவில்லை. ரெக்கார்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, வெட்கமில்லாமல், மிக அழகாக. எல்ஸ்வொர்த் அதைக் கடைசிவரை கேட்டார். ஜூனில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கப்புறம் அவர் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. நன்றாக வாசித்திருக்கிறோம் என்று தோன்றியது. அவ்வளவு நாளும் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நினைப்புதான். அது வந்தபோது கூடவே ஹோபார்ட்டின் முகமும் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

"சும்மா கேக்கல" என்றார் டாலிவர். கத்தி இன்னும் எடுக்கப்படவில்லை. "வாக்கு வாக்குதான். ஏழு பேரு சாட்சி. எந்தக் காது?"

எல்ஸ்வொர்த் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இடது காதை எடுத்துக்க" என்றார். "வலதை விட்டுடு. நாளைக்கு நாலு மணிக்கு லாண்டர்ன்ல அந்தப் பொண்ணு எனக்கு வலது பக்கம்தான் உக்காரும். அது எங்க போகுதுன்னு அதுக்கே தெரியாது, நான்தான் கேக்கணும்."

டாலிவர் துண்டை உருவிப் போட்டு, நுரையைக் குழைத்து, அவர் கன்னத்தில் தடவினார். இடது காதை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து சவரத்தைத் தொடங்கினார்.

"போற வழியில ஹோபார்ட்டோட பஸ்லயே போ" என்றார். "பேஸை எடுத்துட்டு ஏறு. அவன்கிட்ட நீயே சொல்லு."

"பேஸை பஸ்ல ஏத்த விடமாட்டாங்க."

"அவன் விடுவான்" என்றார் டாலிவர்.